முதுகெலும்புச் சிகிச்சையும் வீட்டார் கடமையும்



துணிவில்லாத மனிதனை "முதுகெலும்பு இல்லாதவன்" என்று ஏசுவது நம் வழக்கம். ஆனால் முதுகெலும்பு என்று ஒன்று நமக்குள் இருக்கிறது என்ற நினைப்பே, அது நோகத் தொடங்கிய பிறகுதான் நம்மில் பலருக்கு வருகிறது. தோட்டத் தொழிலில் முதுகுக்கு ஓய்வு குறைவு. பால்மரக் காடுகளில் நம் பெற்றோர் காண்டாவின் இருபுறமும் வாளிகளை மாட்டித் தோளில் சுமந்தார்கள். இன்று செம்பனைக் காட்டில் குலையைத் தூக்கித் தள்ளுவண்டியில் போடுகிறோம். ஒரு குலை 15 கிலோவும் இருக்கும், 25 கிலோவும் இருக்கும். உரமூட்டை தூக்குவதும், மருந்துத் தோம்பை முதுகில் மாட்டிக்கொண்டு மேடும் பள்ளமும் ஏறி இறங்குவதும் இதே முதுகுதான்.

முதுகுவலி வந்தவர்களுக்கெல்லாம் அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வலி தானே தணிந்துவிடும். சிலருக்கு மட்டும், எலும்பு நழுவியோ, முறிந்தோ, வளைந்தோ, நரம்பை நெருக்கியோ, வேறு வழியில்லாமல் போகிறது. அவர்களுக்குச் செய்யப்படும் சிகிச்சைகளில் ஒன்றுதான் முதுகெலும்பு இணைப்பு. அந்தச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர் வலியோடு எப்படி வாழ்வது, எப்படித் தேறுவது, வீட்டார் செய்யவேண்டியது என்ன என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுவோம். அறுவைச் சிகிச்சை மருத்துவருக்கு ஒரு நாள் வேலை. எலும்பு சேருவதோ பல மாத வேலை. சிலருக்கு ஓராண்டு வேலை. அந்த வேலையில் பாதி நோயாளியினுடையது. மறுபாதி வீட்டாருடையது. இதை அறியாத வீடுகளில், நல்ல முறையில் நடந்த சிகிச்சையும் பயன் குன்றிப் போகிறது.

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பு அன்று. குழந்தை பிறக்கும்போது அதில் 33 சிறு எலும்புகள் இருக்கின்றன. கழுத்தில் 7, மார்புக்குப் பின்புறம் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே 5, கடைசியில் வால்போல 4. இவற்றில் மேலே உள்ள 24 எலும்புகள் கடைசிவரை தனித்தனியாக அசையக்கூடியவை. இடுப்புக்குக் கீழே உள்ள 5 எலும்புகளோ, நாம் இருபது வயதைக் கடந்து சில ஆண்டுகளுக்குள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே எலும்பாகிவிடுகின்றன. ஆக, எலும்புகளைச் சேர்த்து ஒன்றாக்குவது இயற்கையே செய்கின்ற வேலைதான். மருத்துவர் அதை வேறோர் இடத்தில் செய்ய வைக்கிறார்.

அசையும் எலும்புகளுக்கு நடுவே வட்டுகள் இருக்கின்றன. நல்ல கித்தாவைப்போல, அமுக்கினால் அமுங்கி, விட்டால் பழைய நிலைக்கு வருபவை அவை. வயதாலும் பாரத்தாலும் வட்டு தேய்கிறது; சில வேளைகளில் பிதுங்குகிறது. மேல் எலும்பு கீழ் எலும்பின்மீது முன்பக்கமாக நழுவுவதும் உண்டு. அப்போது பக்கத்தில் ஓடும் நரம்பு நெருக்கப்படுகிறது. இடுப்பில் நெருக்கப்பட்ட நரம்பின் வலி காலில் தெரியும். புட்டத்திலிருந்து பாதம்வரை மின்சாரம் பாய்வதுபோல இழுக்கும். கால் மரத்துப்போகும்.

மருத்துவர் என்ன செய்கிறார்? நரம்பின்மேல் உள்ள நெருக்கத்தை எடுத்துவிடுகிறார். ஆட்டம் கண்ட இரண்டு எலும்புகளுக்கு நடுவே எலும்புத் துணுக்குகளை வைக்கிறார். அவை நோயாளியின் உடலிலிருந்தே எடுக்கப்பட்டவையாக இருக்கலாம். எலும்பு வங்கியிலிருந்து வந்தவையாகவும் இருக்கலாம். பிறகு, அந்த இடம் அசையாதபடி உலோகத் திருகாணிகளும் கம்பிகளும் கொண்டு பிணைக்கிறார். இத்தனையும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் எலும்பு இன்னும் சேரவில்லை.

தோட்டத்தில் வாழும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. பால்மரக் கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திருக்கிறோம். நல்ல மரத்தின் மொட்டைப் பட்டையோடு எடுத்து, இளங்கன்றின் பட்டைக்குள் பொருத்தி, நாடாவால் இறுகச் சுற்றுவார்கள். நாடா ஒட்டுவதில்லை. அது மொட்டு அசையாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒட்டுவது மரத்தின் உயிர்ச்சாறு. கட்டிய மறுநாளே மொட்டை நெம்பிப் பார்த்தால் ஒட்டுப் பிடிக்குமா? முதுகில் உள்ள திருகாணியும் அந்த நாடாவைப் போன்றதுதான். "இரும்பு வைத்துக் கட்டிவிட்டார்கள், இனி என்ன பயம்?" என்று எண்ணிப் பாரம் தூக்குகிறவர், ஒட்டுக் கட்டிய கன்றைப் பிடித்து ஆட்டுகிறவர் ஆகிறார். எலும்பு சேரும்முன் ஆட்டம் தொடர்ந்தால் திருகாணி தளரும். சில வேளைகளில் முறியவும் செய்யும்.

இந்தச் சிகிச்சைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1911ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ரஸ்ஸல் ஹிப்ஸ், பிரெட் ஆல்பி என்னும் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே இதைச் செய்து உலகுக்கு அறிவித்தார்கள். அந்நாளில் முதுகெலும்பைக் காசநோய் அரித்துக் கூனாக்கிக்கொண்டிருந்தது. அதைத் தடுக்கவே இந்த வழியைக் கண்டார்கள். அக்காலத்தில் திருகாணிகள் கிடையா. நோயாளி பல வாரங்கள் அசையாமல் படுத்திருக்க வேண்டியிருந்தது. "முதுகில் கத்தி வைத்தவன் எழுந்திருக்கவே கூடாது" என்று பெரியவர்கள் சொல்வது அந்தக் கால நிலை. இன்று அப்படியன்று. பெரும்பாலோரை மறுநாளோ அதற்கடுத்த நாளோ எழுப்பி நடக்க வைக்கிறார்கள். படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும், தசைகள் கரையும்.

எழுந்து நடக்கவேண்டுமானால் வலி ஓரளவு தணிந்திருக்க வேண்டும். 2008ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில், காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகிய நான்கோடு வலியையும் ஐந்தாவதாக அளக்கும் முறை புகுத்தப்பட்டது. "சுழியத்திலிருந்து பத்துக்குள் உங்கள் வலி எத்தனை?" என்று தாதி கேட்பது அதற்காகத்தான். நம் ஆண்களில் பலர் பல்லைக் கடித்துக்கொண்டு "ஒண்ணுமில்லே மிஸ்ஸி" என்று சொல்லிவிடுகிறார்கள். அது வீரம் அன்று. வலி எட்டு என்றால் எட்டு என்றே சொல்லவேண்டும். மருந்து கொடுப்பது படுத்து உறங்குவதற்கு மட்டுமன்று, எழுந்து நடப்பதற்கும்தான்.

இனி, வீட்டுக்கு வருவோம்.

நோயாளி வருவதற்கு முன்பே வீட்டைச் சற்று மாற்றி அமைப்பது நல்லது. பாயில் தரையில் படுக்கும் பழக்கம் உள்ளவருக்குச் சில மாதங்களுக்குக் கட்டில் வேண்டும். குளியலறையில் வாளியைத் தரையில் வைக்காமல் ஒரு முக்காலியின்மேல் வைத்தால், குனிந்து மொள்ள வேண்டியதில்லை. ஈரத்தரையில் வழுக்காத விரிப்பு போடவேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறையானால், அதன்மேல் வைக்கும் ஓட்டை நாற்காலி ஒன்றுக்கு மருத்துவமனையிலேயே வழி கேட்கலாம். அவர் எடுக்கக்கூடிய பொருள்கள், அதாவது தண்ணீர், மருந்து, துண்டு ஆகியவை, இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள உயரத்தில் இருக்கட்டும்.

முதல் மூன்று மாதங்களுக்கு, அல்லது மருத்துவர் சொல்லும் காலம்வரை, மூன்று செயல்கள் ஆகா. ஒன்று, இடுப்பை வளைத்துக் குனிதல். இரண்டு, பாரம் தூக்குதல். நான்கைந்து கிலோவுக்கு மேல் வேண்டாம். ஐந்து கிலோ அரிசிப் பையே அவருக்கு எல்லை. பேரப்பிள்ளை ஓடி வந்தால் தூக்கக்கூடாது, உட்கார்ந்தபடி அணைத்துக்கொள்ளட்டும். மூன்று, இடுப்பை முறுக்கித் திரும்புதல். பின்னால் யாராவது கூப்பிட்டால், காலை எடுத்து வைத்து முழு உடம்பாகத் திரும்பவேண்டும்.

படுக்கையிலிருந்து எழுவதற்கும் ஒரு முறை உண்டு. நேராக எழுந்து உட்காரக்கூடாது. முழங்கால்களை மடித்து, தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டை உருள்வதுபோல ஒரு பக்கமாகத் திரும்பவேண்டும். பிறகு கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையால் மெத்தையை ஊன்றி எழவேண்டும். படுக்கும்போது இதையே தலைகீழாகச் செய்யவேண்டும். பக்கவாட்டில் படுத்தால், இரு முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. ஒரே இடத்தில் தொடர்ந்து உட்கார்ந்திருப்பதும் முதல் வாரங்களில் ஆகாது. இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நான்கு அடி நடக்கவேண்டும். மருத்துவமனைக்குக் காரில் போகும்போதும் வழியில் நிறுத்தி இறங்கவேண்டும். தோட்டத்துச் செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிள் ஏறும் எண்ணம், மருத்துவர் சொல்லும்வரை வேண்டவே வேண்டாம்.

"எதையும் செய்யாதே" என்றால் செய்யவேண்டியதுதான் என்ன? நடை. முதுகெலும்பு இணைப்புக்குப் பின் நடைக்கு ஈடான மருந்து இல்லை. நம் லயங்கள் அதற்கு நல்ல அளவுகோல். முதல் நாள் மூன்று வாசல் தூரம் நடந்து திரும்பட்டும். இரண்டு நாள் கழித்து நான்கு வாசல். அதன்பிறகு லயத்தின் கோடிவரை. ஆறு வாரத்தில் கோயில்வரை போய்வருகிறவர்களும் உண்டு. பள்ளிப் பிள்ளையிடம் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, நாள்தோறும் தேதி, நடந்த தூரம், வலியின் எண் ஆகிய மூன்றையும் எழுதிவரச் சொல்லுங்கள். முன்னேற்றம் நாளுக்கு நாள் கண்ணுக்குத் தெரியாது. மாதத்துக்கு மாதம் புரட்டிப் பார்த்தால் தெரியும். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டே உங்களுக்காகப் பேசும்.

அடுத்து, வலியைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசவேண்டியிருக்கிறது. ஏனென்றால், வீடுகளில் மனக்கசப்பு இதிலிருந்துதான் தொடங்குகிறது.

சிகிச்சைக்குப் பிறகு வலி உடனே மறைந்துவிடும் என்று எதிர்பார்ப்பது தவறு. பொதுவாகச் சொன்னால், நரம்பு நெருக்கத்தால் வந்த கால்வலி முதலில் குறையும். முதுகுவலி மெதுவாகவே குறையும். சிலருக்கு ஓரளவு நிலைத்தும் விடும். மரத்துப்போன கால் உணர்வு பெற மாதங்கள் ஆகலாம். நலிந்த நரம்பு மீண்டும் வளரவேண்டி வந்தால், அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும்.

இன்னொன்றும் உண்டு. திருடன் வந்துபோன வீட்டு நாயைப் பார்த்திருப்பீர்கள். திருடன் போய்ப் பல நாள் ஆனபிறகும், சருகு அசைந்தால் குரைக்கும். தபால்காரரைக் கண்டாலும் குரைக்கும். நெடுநாள் வலித்த உடம்பின் நரம்புகளும் அப்படித்தான். காயம் ஆறிவந்த பின்னும் சிறு அசைவுக்கெல்லாம் எச்சரிக்கை எழுப்பும். அந்த வலி பொய் அன்று. நாய் குரைப்பது உண்மைதான். ஆனால் குரைக்கும்போதெல்லாம் திருடன் வந்திருக்கிறான் என்பதும் இல்லை. ஆகவே, வலிக்கிறது என்பதனாலேயே உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்று அஞ்சி நடையை நிறுத்திவிடக்கூடாது. நடந்த பிறகு கூடிய வலி, மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் அந்த நடை சரியான நடை. இறங்கவில்லையானால் நேற்றுச் சற்று மிஞ்சிவிட்டோம் என்று பொருள். தூரத்தைக் குறைக்கலாம், நிறுத்தவேண்டாம்.

நாம் அறிந்த ஒரு செம்பனை வெட்டுத் தொழிலாளியின் கதை இதற்குப் பொருந்தும். இடுப்பின் நான்காம் எலும்பு ஐந்தாம் எலும்பின்மேல் நழுவியதால் அவருக்கு இணைப்புச் சிகிச்சை நடந்தது. மூன்று மாதத்தில் நன்றாக நடந்தார். ஒருநாள் காலை எழுந்தபோது வலியே இல்லை. "இன்றுதான் உடம்பு உடம்பாக இருக்கிறது" என்று சொல்லி, வீட்டுப் பின்புறத்துப் புல்லை வெட்டினார், கோழிக்கூட்டைக் கழுவினார், எரிவாயுத் தோம்பையும் நகர்த்தி வைத்தார். அதன் பிறகு நான்கு நாள் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் வலி குறைந்தது, மீண்டும் வேலை, மீண்டும் படுக்கை. இப்படியே இரண்டு மாதம் ஓடிற்று. உடலியக்கச் சிகிச்சையாளர் ஒருவர் அவருக்குச் சொன்னது எளிய வழி: நல்ல நாளிலும் குறித்த அளவுதான், கெட்ட நாளிலும் முடிந்தவரை அதே அளவுதான். வலி இல்லாத நாளில் கையைக் கட்டிக்கொண்டிருப்பது, வலி உள்ள நாளில் எழுந்து நடப்பதைவிடக் கடினம் என்று அவரே பிறகு சொன்னார்.

அவருடைய வீட்டில் நடந்ததையும் சொல்லவேண்டும். வெளிக்காயம் ஆறிவிட்டது. ஆள் பார்ப்பதற்கு நலமாக இருந்தார். அண்டை வீட்டார், "ஆபரேஷன் செஞ்சு நாலு மாசமாச்சே அண்ணே, இன்னுமா வலி?" என்று கேட்டார்கள். மாமியார் மருமகளிடம், "உம் புருஷனுக்கு வீட்டுச் சோறு பழகிப்போச்சு" என்றார். அவர் மனம் உடைந்து, பேச்சைக் குறைத்துக்கொண்டார். பிள்ளைகள் அருகில் வந்தால் எரிந்து விழுந்தார். கை ஒடிந்தால் கட்டு தெரியும். காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம். முதுகின் உள்ளே இருக்கும் வலியை யாருக்கு எடுத்துக் காட்டுவது? கண்ணால் காணாத வலியையும் நம்புவதுதான் வீட்டார் செய்யக்கூடிய முதல் மருத்துவம். "இன்னும் வலிக்கிறதா?" என்று கேட்பதற்குப் பதில், "இன்றைக்கு எதுவரை நடந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்வி குற்றம் சாட்டுவதுபோல் ஒலிக்கும். இரண்டாவது கேள்வி கூடவே நடந்து வரும்.

நோயாளி பெண்ணாக இருந்தால் நிலை இன்னும் கடுமை. ஆண் படுத்தால் பெண் பார்த்துக்கொள்கிறாள். பெண் படுத்தால் யார் பார்ப்பது? மருத்துவமனையிலிருந்து வந்த மூன்றாம் நாளே அடுப்பங்கரையில் நிற்கும் தாய்மார்களை நாம் காண்கிறோம். ஈரத்துணி நிறைந்த வாளியைத் தூக்குவதும், குனிந்து கூட்டுவதும், அம்மியில் அரைப்பதும், சோற்றுப் பானையை இறக்குவதும் பாரம் தூக்குவது அல்ல என்று யாரோ அவர்களுக்குச் சொல்லி வைத்ததுபோல் இருக்கிறது. கணவர்மார்களே, வளர்ந்த பிள்ளைகளே, செம்பனைக் குலைக்கு உள்ள சட்டம்தான் சோற்றுப் பானைக்கும். மூன்று மாதத்துக்கு அந்த வேலைகளை நீங்கள் பங்கிட்டுக்கொள்ளுங்கள். துடைப்பம் பிடிப்பதால் எந்த ஆணின் மதிப்பும் குறைந்ததில்லை.

பிள்ளைகளைப் பற்றியும் ஓர் ஆசிரியர் என்ற முறையில் சொல்லவேண்டும். வீட்டில் ஒருவர் நோயாய்ப் படுத்தால், அது முதலில் தெரிவது வகுப்பறையில். பிள்ளை பசியாறாமல் வரும். வீட்டுப் பாடம் இராது. வாரத்தில் இரண்டு நாள் வராது. வீட்டு நிலையைப் பள்ளிக்குத் தெரிவித்துவிடுங்கள். தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, நோட்டில் எழுதுவது, மாலையில் தந்தையோடு கூட நடப்பது போன்ற சிறு வேலைகளைப் பிள்ளைகளிடம் விடலாம். பள்ளியை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொல்வது ஆகாது.

பிள்ளைகளை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. இணைப்புச் சிகிச்சை செய்தவரின் முதுகில் அது கூடவே கூடாது. எண்ணெய் போட்டு உருவுவது, நீவிச் சொடக்கு எடுப்பது, பச்சிலைப் பற்றுப் போடுவது ஆகியவற்றையும் மருத்துவரைக் கேளாமல் செய்யவேண்டாம். சுகமானால் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டவர்களும் இருப்பார்கள். பத்துமலைக்கு 272 படிகள். எலும்பு சேர்ந்துவிட்டது என்று மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துச் சொல்லும்வரை முருகன் காத்திருப்பான்.

எலும்பு சேருவதைக் கெடுக்கும் பொருள்களில் முதன்மையானது புகையிலை. சிகரெட்டிலும் சுருட்டிலும் மட்டுமன்று, வெற்றிலையோடு மெல்லும் புகையிலையிலும் நிகோடின் என்னும் நஞ்சு இருக்கிறது. அது இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. ஒட்டுக்கு நீர் போகாவிட்டால் ஒட்டுப் பிடிக்குமா? சிகிச்சைக்கு முன்பே நிறுத்திவிடுவது நல்லது. முடியாதவர் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் உதவி கேட்கலாம். வலியை மறக்கச் சம்சுவோ பீரோ குடிப்பது இரண்டாவது தீமை. கடுமையான வலி மாத்திரையும் மதுவும் ஒன்றுசேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். மூன்றாவது, கட்டுக்கடங்காத நீரிழிவு. 2023ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. சர்க்கரை ஏறினால் காயம் ஆறாது, சீழ் பிடிக்கும். மருந்தோடு முட்டை, மீன், நெத்திலி, பருப்பு, கீரை ஆகியவை சாப்பாட்டில் இருக்கட்டும். வலி மாத்திரை மலச்சிக்கலைத் தரும். முக்கினால் முதுகு வலிக்கும். ஆகவே தண்ணீரும் பப்பாளியும் கீரையும் தவறாமல் வேண்டும். பக்கத்து வீட்டாரின் மாத்திரையை வாங்கிப் போடுவதும், தமக்குக் கொடுத்ததைத் தாமே நிறுத்துவதும் தவறு.

சில அறிகுறிகள் தோன்றினால் அடுத்த மருத்துவ நாள்வரை காத்திருக்கக்கூடாது. காய்ச்சல், காயத்தில் சிவப்பு, நீர் அல்லது சீழ் வடிதல். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தல். காலில் புதிதாகத் தோன்றும் பலவீனம் ஆகியவற்றைக் கண்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். சிறுநீர் வராமலோ அடங்காமலோ போதல், மலம் தன்னையறியாமல் போதல், தொடைகளின் நடுப்பகுதி மரத்துப்போதல், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவை இரவானாலும் 999க்கு அழைக்கவேண்டிய ஆபத்துகள்.

இனி, சம்பளப் பேச்சு. நோயைவிடக் குடும்பத்தை வாட்டுவது அதுதான். மருத்துவமனையில் தங்கவேண்டிய நோய்க்கு, வேலைச் சட்டப்படி ஆண்டுக்கு 60 நாள்வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. முதுகில் அடிபட்டது வேலையில் நேர்ந்த விபத்தால் என்றால், சொக்சோ என்று நாம் சொல்லும் பெர்கேசோ இருக்கிறது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1971ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது அது. விபத்தைப் பற்றித் தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி பெர்கேசோவுக்கு அறிவிக்கவேண்டும். ஆகவே, விழுந்த அன்றே அலுவலகத்தில் சொல்லி எழுதி வையுங்கள். "நாளைக்குச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் மருத்துவ விடுப்பு இருந்தால், சராசரி நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக இயலாமைத் தொகையாகக் கிடைக்கும். மருத்துவ விடுப்புச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் உறையில் போட்டு வைப்பது வீட்டில் படித்த பிள்ளையின் பொறுப்பாக இருக்கட்டும்.

பழைய வேலைக்குத் திரும்புவது எப்போது என்பதை மருத்துவரே சொல்லவேண்டும். பாரம் தூக்கும் தொழிலுக்கு மாதக் கணக்கில் ஆகும். சிலர் மீண்டும் குலை வெட்டப் போகவே முடியாமலும் இருக்கலாம். அது வாழ்க்கையின் முடிவு அன்று. நாற்றுமேடை, பண்டகசாலை, கணக்கெடுப்பு போன்ற இலகுவான வேலை தரும்படி மருத்துவரின் கடிதத்தோடு நிர்வாகத்தைக் கேட்கலாம். பெர்கேசோ 2007ஆம் ஆண்டு முதல் வேலைக்குத் திரும்பும் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. 2014ஆம் ஆண்டு மலாக்காவில் மறுவாழ்வு மையமும் திறந்தது. செலவுக்கு வழியில்லாதவர்கள், அரசாங்க மருத்துவமனையில் உள்ள மருத்துவச் சமூகப் பணிப் பிரிவை நாடலாம். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். அது பிச்சை அன்று.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் வலி முழுவதும் போகாதவர்கள் உண்டு. அவர்களிடம் "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்று மட்டும் சொல்லி விட்டுவிடக்கூடாது. வலிக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு சில பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. அங்கே அனுப்பும்படி மருத்துவரைக் கேட்கலாம். "நான் இருந்து என்ன பயன்?" என்ற சொல் அவர்கள் வாயில் வந்தால், அதைச் சலிப்பு என்று தள்ளிவிடாமல் அன்றே மருத்துவரிடம் சொல்லவேண்டும். வலி ஐந்திலிருந்து மூன்றுக்கு இறங்கி, இரவில் ஐந்து மணி நேரம் தூங்கி, கோயில்வரை நடந்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட முடிகிறது என்றால், அது தேறுதல்தான். வலி சுழியமாகும் நாளுக்காகக் காத்திருந்து, வாழ்கின்ற நாள்களை இழக்கவேண்டாம்.

நேயர்களே, உங்கள் லயத்தில் இப்படி ஒருவர் இருந்தால், இன்று மாலை அவர் நடக்கப் புறப்படும்போது இரண்டு வாசல் தூரம் அவரோடு நடந்து பாருங்கள். அவர் மெதுவாகத்தான் நடப்பார். நீங்களும் மெதுவாக நடங்கள்.